கரைப்பறவைகளைக் காண்பதும் படமெடுப்பதும்: கொங்குநாட்டாருக்கான கேள்வி பதில்

திருப்பூரில் குடியிருந்துகொண்டு, ஞாயிறு விடியலில் நஞ்சராயன் குளத்துக் கரையிலும், விடுப்புக் கிடைக்கும்போது கிழக்குக் கடற்கரையிலுள்ள கோடியக்கரையிலும் கேரளத்துக் கடலுண்டியிலும் நின்று பறவை பார்ப்பவன் நான். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்திலிருந்து புதிதாகக் கேமராவும் பைனாகுலரும் வாங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கொங்குநாட்டில் கடலே இல்லை. கடற்கரைப் பறவைகளை நாம் எதற்காகப் பழக வேண்டும்?

கடல் இல்லாவிட்டாலும், கடற்கரைக்கு வருகின்ற பறவைகளில் ஒரு பங்கு நம் குளங்களுக்கும் வருகிறது. பொரி உள்ளான், பச்சைக்காலி, கொசு உள்ளான், கோரை உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி ஆகியவற்றைச் சூலூர், சிங்காநல்லூர், நஞ்சராயன் குளம், ஈரோட்டை அடுத்த வெள்ளோடு என்று எங்கெல்லாம் ஓரத்தில் சேறு தெரிகிறதோ அங்கெல்லாம் பனிக்காலத்தில் காணலாம். வெள்ளோடு 2022-இலும், நஞ்சராயன் குளம் 2024-இலும், உலக அளவில் முதன்மையான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நஞ்சராயன் குளம் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமும் ஆகும்.

இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரையில் பத்துப் பன்னிரண்டு வகைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கலந்து, வெகு தொலைவில், எதிர்வெயிலில் நிற்கும். முதல்முறை பார்ப்பவருக்கு அனைத்தும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். நம் குளத்திலோ நான்கைந்து பறவைகள் முப்பது அடித் தொலைவில் நிதானமாக மேயும். ஆகவே பாடத்தை இங்கே படித்துவிட்டுத் தேர்வுக்கு அங்கே செல்லுங்கள் என்பதே என் அறிவுரை. ஒரு பனிக்காலம் முழுவதும் உள்ளூர்க் குளத்தில் பொரி உள்ளானைப் பார்த்துப் பழகியவருக்கு, கோடியக்கரையில் அதைவிடச் சற்றுப் பெரிதான, சற்று வெளிறிய, அலகு நீண்ட ஒன்று வந்து நின்றவுடனே ‘இது வேறு’ என்பது தானாகப் புலப்படும்.

கொக்கும் நாரையும் கரைப்பறவைகள்தானா?

நீரில் நடந்து இரை தேடுபவை என்ற அளவில் கொக்கு, நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பூநாரை எல்லாமே ஒரே பந்தியில் உட்காருபவைதாம். ஆனால் பறவை நோக்குவோர் கரைப்பறவைகள் என்று சொல்லும்போது பெரும்பாலும் உள்ளான், உப்புக்கொத்தி, ஆள்காட்டி, மூக்கன் (அரிவாள் மூக்கன் அன்று, நீண்ட நேரான அலகுள்ளது), கோட்டான் (ஆந்தை அன்று, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை) ஆகிய வகைகளையே குறிக்கின்றனர். இந்தப் பக்கத்திலும் அவற்றைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறேன்.

எந்த மாதங்களில் பார்க்கலாம்? மழை பெய்து குளம் நிரம்பியிருக்கும்போது போனேன், ஒன்றுமே இல்லையே?

இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் கார்த்திகையில் என்னிடம் கேட்கிறார்கள். குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் நமக்கு மனம் குளிர்கிறது. உழவருக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறில்லை. ஆனால் உள்ளானுக்கு வேண்டியது சேறு. கொசு உள்ளானின் கால் நம் சுண்டுவிரல் நீளம்கூட இராது; கணுக்கால் நனையும் ஆழத்துக்கு மேல் நீர் நின்றால் அது அங்கே இரை தேட முடியாது. நீளக் கால்களை உடைய நெடுங்கால் உள்ளானும் ஒரு சாண் ஆழத்தோடு நின்றுவிடும். கரை முட்ட நீர் நிற்கும் குளத்தில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் வாத்தும் மகிழ்ந்திருக்கும். கரைப்பறவைக்கு அங்கே கால் வைக்க இடமில்லை.

வலசை வருபவை ஆகஸ்ட் இறுதியிலேயே தென்படத் தொடங்குகின்றன. முதலில் முதிர்ந்த பறவைகளும், சில வாரங்கள் கழித்து அவ்வாண்டு பிறந்த இளம் பறவைகளும் வந்து சேரும். நம் பக்கத்துக் குளங்களில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாதத்தில் நீர் ஒவ்வொரு வாரமும் ஒரு முழம் பின்வாங்கி, கரையோரம் கறுப்புச் சேறு வளையமாகத் தெரியும் நாட்களே சிறந்தவை. நான் மதகுப் பக்கம் நிற்பதில்லை. நீர்வரத்து வாய்க்கால் குளத்தில் சேரும் மேட்டுப் பக்கமே ஆழம் குறைந்தது, அங்கேயே நிற்பேன். கடற்கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எண்ணிக்கை மிகுந்திருக்கும்.

மார்ச் இறுதியையும் ஏப்ரலையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அது பெரும் இழப்பு. பனிக்காலம் முழுவதும் சாம்பல் பூசியது போலிருந்த கருவால் மூக்கன், ஊர் திரும்பும் முன்னே கழுத்தும் மார்பும் செங்கல் நிறமாக மாறத் தொடங்கும். கர்லூ சாண்ட்பைப்பர் எனும் உள்ளானும் அப்படியே சிவக்கும். அந்த இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் படத்துக்கு ஈடு வேறில்லை.

ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைக் கணக்கிட்டுச் செல்ல வேண்டும் என்கிறார்கள். கடலே பாராதவர் அதை எப்படி அறிவது?

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் கடல் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக இறங்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் குறைவு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஏற்றம் என்றால் மறுநாள் ஏழே முக்கால், எட்டு மணியை ஒட்டி வரும். குறிப்பிட்ட ஊருக்கான நேரத்தைக் கைப்பேசியில் ஓத அட்டவணை காட்டும் செயலிகளில் பார்த்துக்கொள்ளலாம்.

கடல் வற்றும்போது சேற்றுவெளி விரிகிறது. பறவைகளும் அதன்மேல் விரிந்து, கண்ணுக்கெட்டாத தூரத்தில் மேய்கின்றன. கடல் ஏறும்போது சேறு சுருங்கச் சுருங்க அவை கரையை நோக்கி நெருங்கி வருகின்றன. ஏற்றம் முழுமையடைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே இடம்பிடித்து அசையாமல் உட்கார்ந்துவிட்டால், நாம் பறவையைத் தேடிப் போக வேண்டியதில்லை, பறவையே நம்மிடம் வந்து சேரும். இது கேரளத்தின் கடலுண்டி போன்ற முகத்துவாரங்களுக்கு முழுமையாகப் பொருந்தும். கோடியக்கரைப் பக்கத்தில் ஓதத்தின் உயர வேறுபாடு சிறியது. அங்கே மழையும், காற்றின் திசையும், உப்பளங்களுக்கு நீர் ஏற்றுவதும் இறக்குவதுமே எந்த மூலையில் பறவை நிற்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன. அங்கே அட்டவணையைக் காட்டிலும் உப்பளத் தொழிலாளியிடம் கேட்பது பயன் தரும்.

நம் ஊரிலிருந்து எங்கெங்கே செல்லலாம்?

கோவைக்காரர்களுக்குக் கிழக்குக் கடலைவிட மேற்குக் கடலே பக்கம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் திருச்சூரின் கோள் நிலங்கள். கடல்மட்டத்துக்கும் தாழ்வான அந்த நெல்வயல்களில் நீரை இறைத்து வெளியேற்றும் நாட்களில் சேறு திறந்துகொள்ள, கரைப்பறவைகளும் கொக்கு நாரைகளும் குவிகின்றன. வேம்பநாடு–கோள் பகுதி 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இன்னும் வடக்கே கோழிக்கோட்டுக்குத் தெற்கில் கடலுண்டி. கோவையிலிருந்து தொடர்வண்டியிலேயே சென்று வரலாம்.

கிழக்கே முதன்மையானது கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமானது. வேதாரண்யச் சதுப்பும் உப்பளங்களும் சேர்ந்த பரந்த வெளி அது. பூநாரைக் கூட்டத்தையும், கோணமூக்கு உள்ளானையும், வெளிமானையும் ஒரே பயணத்தில் காணலாம். கோவை–மயிலாடுதுறை ஜனசதாப்தியில் ஏறித் தஞ்சாவூரில் இறங்கி, வேதாரண்யம் வழியாகப் பேருந்தில் செல்வது எனக்குப் பழகிய வழி. ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணம் வேண்டாம். இரண்டு இரவுகளாவது தங்குங்கள். தூத்துக்குடி உப்பளங்களும் சிறந்தவையே. பழவேற்காடு நமக்குத் தொலைவு.

இரு கடற்கரைகளுக்கும் வெளிச்சத்தில் ஒரு வேறுபாடு உண்டு. கிழக்குக் கடற்கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும். கடலை நோக்கி எடுக்கும் படங்களில் பறவை வெறும் நிழலாகவே பதியும். அங்கே மாலையே நல்லது, அல்லது காலையில் நிலத்தை நோக்கி எடுக்க வேண்டும். மேற்குக் கடற்கரையில் காலை வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து பறவையின் மேல் விழும்.

முதலில் பைனாகுலரா, கேமராவா?

பைனாகுலர். 8x42 அளவுடையதை (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) வாங்குங்கள். 10 மடங்கு, 12 மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அதே மடங்கு பெருகும். கண் பழகாமல் கேமரா வாங்கியவர்கள், வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே எதை எடுத்தோம் என்று தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் பறவையின் நடையும் குரலும் கையைவிட்டுப் போய்விடுகின்றன.

எல்லாம் சாம்பல், எல்லாம் பழுப்பு. எப்படி இனம் பிரிப்பது?

நிறத்தை மறந்துவிடுங்கள். கால், அலகு, நடை, குரல், பறக்கும்போது தெரியும் வெள்ளை ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் பாருங்கள்.

காமன் சாண்ட்பைப்பர் எனப்படும் உள்ளானையும் பொரி உள்ளானையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் நம் குளங்களில் உண்டு. முன்னதற்கு மார்பின் வெண்மை இறக்கைக்கு முன்னே தோளை நோக்கி ஓர் ஆப்பு போல ஏறும். உடலின் பின்பாதியை ஓயாமல் ஏற்றி இறக்கிக்கொண்டே நடக்கும். பறக்கும்போது இறக்கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நீரை ஒட்டித் துடித்துத் துடித்துச் செல்லும். பின்னதற்கு முதுகெல்லாம் பொரி தூவியது போன்ற வெண்புள்ளி, கண்ணுக்கு மேலே நீண்ட வெண்புருவம், மஞ்சள் சாயலுள்ள கால். கிளப்பினால் உயரே ஏறி ‘சிஃப் சிஃப் சிஃப்’ என்று விரைவாகக் கத்திக்கொண்டு போகும். பெயரிலேயே பொரி இருக்கிறது. பெயரிட்டவர் நன்றாகப் பார்த்திருக்கிறார்.

பச்சைக்காலிக்கும் பவளக்காலிக்கும் பெயரே விடை. வெளிச்சம் சரியில்லாமல் கால் நிறம் தெரியாவிட்டால், பச்சைக்காலியின் அலகு சற்றே மேல்நோக்கி வளைந்திருப்பதையும் மூன்று மணிச் சத்தம் போன்ற அதன் குரலையும், பவளக்காலி பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் தெரியும் அகன்ற வெள்ளைப் பட்டையையும் கவனியுங்கள். பட்டாணி உப்புக்கொத்திக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். கடற்கரையில் மிகுதியாகத் தெரியும் கென்டிஷ் பிளவர் எனும் உப்புக்கொத்திக்கு அந்த வளையம் இல்லை. அதன் கழுத்துப் பட்டை மார்பின் நடுவே சேராமல் இருபுறமும் நின்றுவிடும்.

நடை என்பது இரை தேடும் முறைதான். உப்புக்கொத்தி கண்ணை நம்புகிறது: நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும், மீண்டும் ஓடும். மூக்கனும் கோரை உள்ளானும் அலகை நம்புகின்றன: தையல் எந்திரத்து ஊசி போல ஓரிடத்திலேயே நின்று சேற்றில் குத்திக் குத்தி எடுக்கும். கோரை உள்ளானின் அலகு நுனி நரம்பு மிகுந்தது. முழு அலகையும் விரிக்காமலே, சேற்றுக்குள் நுனியை மட்டும் திறந்து புழுவைப் பிடித்துவிடும். அலகு நீளம் வேறாக இருப்பதால்தான் ஒரே சேற்றில் ஆறு வகைப் பறவைகள் ஒன்றின் சோற்றில் மற்றொன்று கை வைக்காமல் மேய முடிகிறது.

சென்ற தை மாதம் நம் பக்கத்துக் குளமொன்றின் ஓரத்தில் எருமைகள் இறங்கிப் போன தடத்தில் ஒரு கொசு உள்ளானைக் கண்டேன். ஒவ்வொரு குளம்படியிலும் உள்ளங்கையளவு நீர் தேங்கியிருந்தது. அது முதல் குளம்படியின் விளிம்பில் நின்று ஏழெட்டு முறை கொத்தியது, அடுத்ததற்குத் தாவியது, அங்கும் ஏழெட்டு முறை. இப்படியே வரிசையாகப் பதினோரு குளம்படிகளையும் முடித்துவிட்டுத் திரும்பி முதல் குளம்படிக்கே வந்தது. ஆர்க்டிக் தூந்திரத்தில் முட்டையிலிருந்து வெளிவந்த ஓர் உயிர், நம் எருமையின் காலடியில் சோறு தின்றுகொண்டிருந்தது. அன்று நான் ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். மீதி நேரமெல்லாம் பைனாகுலரை இறக்கவில்லை.

எவ்வளவு அருகில் செல்லலாம்?

அடிக்கணக்கில் விடை சொல்ல முடியாது, பறவைதான் சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தது தலையை நிமிர்த்தி ஒரு கண்ணால் உங்களைப் பார்த்தால் அது முதல் அறிவிப்பு. அங்கேயே நின்றுவிடுங்கள். மீண்டும் தலை தாழ்ந்து கொத்தத் தொடங்கினால் பிழையில்லை. கழுத்தை வெடுக்கென்று மேலும் கீழும் ஆட்டினால், கொத்துவதை விட்டு நடக்கத் தொடங்கினால், சிறு குரல் எழுப்பினால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், இரண்டடி பின்வாங்குங்கள்.

இதை நான் நல்லபடியாகக் கற்கவில்லை. பெரிய லென்ஸ் வாங்கிய முதல் ஆண்டில், கடற்கரை உப்பளம் ஒன்றில் கருவால் மூக்கன்கள் இருநூறு போல மேய்ந்துகொண்டிருந்த பாத்திக்கு, வரப்பின் மேல் தவழ்ந்தே போனேன். நல்ல படம் கிடைக்கும் என்று நினைத்த தொலைவுக்கு இன்னும் பத்தடி இருந்தது. கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சில் எழுந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, கண்ணுக்கு மறைந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்து, “காலையிலேருந்து இப்பத்தான் எறங்கி மேயுதுங்க, அதுக்குள்ள எழுப்பிட்டீங்களே சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அவர் சொன்னதில் உள்ள கணக்கு பெரியது. ஓதத்தாலோ நீர்மட்டத்தாலோ ஒரு நாளில் சில மணி நேரமே சேறு திறந்திருக்கும். அதற்குள் அன்றைய இரையைத் தின்று முடிக்க வேண்டும். ஊர் திரும்பும் பருவத்தில், அடுத்த பறத்தலுக்கு வேண்டிய கொழுப்பையும் அந்த நேரத்துக்குள்தான் சேர்க்க வேண்டும். மூக்கன் இனத்தில் பட்டைவால் மூக்கன் ஒன்று 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் பறந்தது செயற்கைக்கோள் கருவியால் பதிவாகியுள்ளது. அத்தகைய பயணத்துக்கான கட்டுச்சோறு சேற்றிலிருந்துதான் வருகிறது. ஒரு படத்துக்காக ஒருமுறை கிளப்பிவிடுவது, பந்தியில் உட்கார்ந்தவரை இலையோடு எழுப்புவதற்கு ஒப்பாகும். நம் ஊரில் பகையாளியையும் அப்படி எழுப்ப மாட்டோம்.

எந்தக் கேமரா, எந்த லென்ஸ்?

400 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் வேண்டும். 150–600 அல்லது 200–600 வகை ஜூம் லென்ஸ் பெரும்பாலோருக்குப் போதுமானது. பழைய லென்ஸை நல்ல நிலையில் வாங்குவதில் தவறில்லை. லென்ஸ் பொருத்தியே வரும் பெருஞ்ஜூம் கேமராவிலும் இனம் அறியத்தக்க படங்கள் கிடைக்கும். கைப்பேசி மட்டும் உள்ளவர்கள், நண்பரிடம் தொலைநோக்கி இருந்தால் அதன் கண்ணாடியில் கைப்பேசியைப் பொருத்தி எடுக்கலாம்.

முக்காலியைவிட எனக்குப் பயன்பட்டது ஒரு மூட்டைதான். பனியன் கம்பெனியில் மிஞ்சிய கெட்டித் துணியில் தலையணை போலத் தைத்து, உள்ளே ஒன்றரைக் கிலோ கொள்ளு போட்டிருக்கிறேன். தரையில் வைத்து அதன்மேல் லென்ஸைப் படுக்கவைத்தால் அசையாது. கார் கதவின் கண்ணாடி மேலும் வைக்கலாம்.

கேமராவில் என்ன அளவுகள் வைப்பது?

மேயும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/800 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 6.3-க்கும் 8-க்கும் இடையே இருக்கட்டும். ஒளியுணர் அளவான ஐஎஸ்ஓ-வைத் தானியங்கியாக விட்டுவிடலாம். கோப்பை ‘ரா’ (கேமரா பதப்படுத்தாத) வடிவில் சேமியுங்கள்.

புதியவர்கள் தடுமாறுவது வெளிச்ச அளவில்தான். கறுத்த சேற்றின் நடுவே ஒரு வெண்கொக்கு நின்றால், கேமரா சேற்றைப் பார்த்துப் படத்தை வெளுப்பாக்கும்; கொக்கின் இறகு வரிகள் முழுதும் அழிந்து வெள்ளைக் காகிதம் போலாகிவிடும். அங்கே எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு படி குறைக்க வேண்டும். வெளிறிய வானத்தை எதிர்த்துப் பறக்கும் உள்ளானுக்கு இதற்கு மாறாக ஒரு படி கூட்ட வேண்டும். நெடுங்கால் உள்ளானிடம் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக இருப்பதால் நடுவெயிலில் அதை எடுப்பது கடினம்; வெள்ளையைக் காப்பாற்றுங்கள், கறுப்பைப் பிறகு கணினியில் மீட்டுக்கொள்ளலாம்.

நல்ல லென்ஸ் இருந்தும் படம் கலங்கலாக வருவது ஏன்?

பெரும்பாலும் கானல்தான் காரணம். வெயில் ஏறிய பின் உப்பளத்தின் மேலும் சேற்றின் மேலும் காற்று நெளிகிறது. எந்த லென்ஸாலும் அதை ஊடுருவ முடியாது. காலை ஒன்பது மணிக்குப் பிறகு தொலைவில் நிற்பவற்றை எடுப்பதை விட்டுவிட்டுப் பைனாகுலரால் பார்த்துக்கொண்டிருங்கள்.

அடுத்தது உயரம். நின்றபடி எடுத்தால் பறவையின் முதுகும் சேறும்தான் பதியும். லென்ஸ் பறவையின் கண் மட்டத்துக்கு வரும்படி தரையில் படுத்து எடுத்தால், பின்னணி தொலைவுக்குத் தள்ளிப்போய் மென்மையாகும். பறவை தனித்து எழும். படுத்திருக்கும் ஆளைக் கண்டு அது அஞ்சுவதும் குறைவு. பழைய யூரியாச் சாக்கு ஒன்றைக் கீழே விரித்துக்கொள்ளுங்கள். குவியத்தை எப்போதும் கண்ணின் மேல் வையுங்கள்.

கூட்டையும் குஞ்சுகளையும் படமெடுக்கலாமா?

வேண்டாம். நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் நம் குளங்களிலேயே கோடையில் தரையில் முட்டையிடுகின்றன. ஈரோட்டில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, தாயோ தந்தையோ மேலே நின்று நிழல் தந்தும், வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து ஈரம் தந்தும்தான் முட்டையைக் காக்கின்றன. நாம் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றால் அவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்திக்கொண்டிருக்கும், முட்டை வெந்துகொண்டிருக்கும். நாம் போன தடத்தை நாயும் காக்கையும் பின்பற்றும். ஆள்காட்டி விடாமல் கத்தினால், வந்த வழியே, காலடியைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். இடத்தையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

சரணாலயங்களுக்குள் வனத்துறையின் அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ள விதி அது. டிரோன் பறக்கவிடக் கூடாது. உப்பளங்கள் தனியாருடையவையாகவோ குத்தகையில் உள்ளவையாகவோ இருக்கும். மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். உப்புப் பூத்த பாத்தியில் கால் வைப்பது, நெல் காயும் களத்தில் செருப்போடு நடப்பதைப் போன்றது. வரப்பு உடைந்தால் அவர்களுடைய பல நாள் உழைப்பு போய்விடும்.

கடற்கரைக்குச் சென்று வந்த கருவிகளை எப்படிப் பேணுவது?

உப்புக்காற்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரே வாரத்தில் திருகாணிகளில் துரு ஏற்றும். அன்றிரவே நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடலையும் லென்ஸின் வெளிப்புறத்தையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். முக்காலியின் கால்களைக் கழற்றிக் கழுவுங்கள். கண்ணாடியில் மணல் இருந்தால் முதலில் ஊதியகற்றிய பிறகே துணி வைக்க வேண்டும். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். குளிரூட்டிய அறையிலிருந்து விடியலில் நேரே வெளியே எடுத்தால் ஆவி படியும். பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.

கழிவுநீர் சேரும் குளத்திலும் பறவைகள் நிறைய இருக்கின்றனவே. அப்படியானால் குளம் நலமாகத்தானே இருக்கிறது?

நொய்யல் வழியிலுள்ள குளங்களைப் பற்றி இதை அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டுக் கழிவு மிகும் சேற்றில் சிவப்புப் புழுக்கள் பெருகும். அவற்றைத் தின்ன நெடுங்கால் உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் கூடும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் செழிப்பாகத் தோன்றும். வகைகளைப் பாருங்கள். கழிவு மிகுந்த குளத்தில் தாங்கும் திறனுள்ள நான்கைந்து வகைகளே மிஞ்சும். ஆகாயத்தாமரை சேற்றை மூடிவிட்டால் அவையும் போய்விடும். அதனால்தான் ஒரே குளத்தை ஆண்டுக்கணக்கில் எண்ணிவருவது தேவைப்படுகிறது.

எண்ணியதை எங்கே பதிவு செய்வது? காலில் வளையமுள்ள பறவையைக் கண்டால் என்ன செய்வது?

பறவைப் பதிவுக்கான இ-பேர்ட் (eBird) செயலியில் பதியலாம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்தவற்றை எழுதினாலே பங்கேற்றவராவீர்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான் நடக்கிறது. பெயர் உறுதியாகத் தெரியாததை ஊகித்து எழுதாமல், ‘உள்ளான் வகை’ என்று மட்டும் எழுதுங்கள். தவறான பெயரைவிட அது பயனுள்ளது.

காலில் உலோக வளையமோ நிறக் கொடியோ தெரிந்தால், பறவையைக் கிளப்பாமல், எத்தனை படம் எடுக்க முடியுமோ அத்தனை எடுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கொடியின் நிறம், அதிலுள்ள எழுத்தும் எண்ணும், இடக்காலா வலக்காலா, முழங்காலுக்கு மேலா கீழா, நாள், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருபவர்கள் அவர்கள்தாம். அந்தப் பறவைக்கு எங்கே, எந்த நாளில் வளையமிட்டார்கள் என்பது தெரியவந்தால், அதை அக்குளத்துக் கரையில் ஆடு மேய்ப்பவரிடமும் சொல்லுங்கள். நாம் வாரத்துக்கு ஒருநாள் போகிறோம். அப்பறவையை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.